எர்ணாவூரில் ஒரு வீட்டைத் தூக்கினோம்

சென்னை சென்ட்ரலில் நான் இறங்கியபோது திங்கட்கிழமை காலை மணி ஐந்து இருபது. ஈரோட்டில் ஏறியதிலிருந்து கண்ணை மூடவில்லை. எதிர் பெர்த்தில் குறட்டை விட்டவர்மேல் பழியைப் போட மாட்டேன். எர்ணாவூரில் இருக்கும் என் தங்கை செல்வியின் வீட்டை மறுநாள் தரையிலிருந்து பெயர்த்து நான்கு அடி மேலே தூக்கப்போகிறார்கள். அது மனதில் கிடக்கும்போது தூக்கம் எங்கிருந்து வரும்?

நான் பவானியில் மாவு மில் நடத்துகிறவள். மோட்டார், பெல்ட், மூட்டை எதுவும் எனக்குப் புதிதில்லை. இருந்தாலும் செல்வி போனில் விஷயத்தைச் சொன்னபோது, "வீடு என்னடி சோத்துச் சட்டியா, இறக்கி வெக்கவும் ஏத்தி வெக்கவும்?" என்று கத்திவிட்டேன். அவள் சிரித்தாள். "இங்க அல்லாரும் தூக்குறாங்கக்கா. நீ வந்து பாரு" என்றாள். கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் என் தங்கையின் வாயில் கொங்குத் தமிழ் ஒரு சொட்டுகூட மிச்சமில்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் வேடிக்கை பார்க்கப் போகவில்லை, அவளைக் கூட்டிக்கொண்டு வரப் போனேன். என் மில்லுக்கு மேலே ஓர் அறை சும்மா கிடக்கிறது. அதற்கு வெள்ளையடித்து, மின்விசிறியும் மாட்டிவிட்டுத்தான் கிளம்பினேன். வீட்டைத் தூக்குகிறேன் பேர்வழி என்று நாலு சுவரும் விரிசல் விட்டால் அப்போதாவது என் பேச்சைக் கேட்பாள் என்று மனதின் ஓரத்தில் ஒரு நினைப்பும் இருந்தது. அக்கா என்ற பேரில் எவ்வளவு கெட்ட நினைப்பையும் நினைத்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்து புறநகர் ரயில். விம்கோ நகர் வரைக்கும் டிக்கெட் ஐந்து ரூபாய். அந்தக் காசுக்கு எங்கள் ஊரில் அரை டம்ளர் டீ கிடைக்காது. பேசின் பிரிட்ஜ், கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை என்று வண்டி நின்று நின்று போனது. இரு பக்கமும் டேங்கர் ரயில்கள், கன்டெய்னர் அடுக்குகள். மணலிப் பக்கமிருந்து காற்று திரும்பியபோது மண்ணெண்ணெய் மாதிரி ஒரு வாடை வந்தது. நான் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். வண்டியில் வேறு யாரும் பொத்தவில்லை.

பக்கத்தில் ஷிப்ட் முடிந்து வந்த ஒருவர் உட்கார்ந்திருந்தார். எர்ணாவூருக்கு எங்கே இறங்க வேண்டும் என்று கேட்டேன்.

"விம்கோ நகர்ல எறங்கி பொடிநடையா போயிடலாம். இன்னா விசேஷம், யார்னா உறவா?"

"தங்கச்சிங்க. வீட்டைத் தூக்கறாங்களாம்."

"அக்காங்! நம்ப மச்சான் வூட்டக்கூட தூக்கினாங்க. மாடியோட." தண்ணீர்க் குடத்தைத் தூக்கினார்கள் என்பது மாதிரி சொல்லிவிட்டு அவர் திருவொற்றியூரில் இறங்கிக்கொண்டார்.

காலை ஏழு மணி. செல்வி வீட்டுத் தெருவில் நுழைந்ததும் விஷயம் எனக்கே விளங்கியது. இருபத்திரண்டு வருடத்துக்கு முன் அவர்கள் அந்த வீட்டைக் கட்டியபோது தெருவிலிருந்து இரண்டு படி ஏறித்தான் உள்ளே போக வேண்டும். அதன்பின் பழைய ரோட்டின் மேலேயே புது ரோடு, புது ரோட்டின் மேலே அதைவிடப் புது ரோடு என்று போட்டுக்கொண்டே இருந்தார்கள். இப்போது தெருவிலிருந்து மூன்று படி இறங்கித்தான் வீட்டுக்குள் போக வேண்டும். தரை இரண்டு அடி பள்ளத்தில். மழை பெய்தால் தெருத் தண்ணீர் முழுக்க அழையா விருந்தாளியாக உள்ளே வந்து கட்டில் காலைப் பிடித்துக்கொள்கிறது. சுவரில் ஒவ்வொரு வருடத்துத் தண்ணீரும் விட்டுப்போன கறைக்கோடு தெரிந்தது. மேல்கோடு என் இடுப்புக்கு வந்தது.

ஆனால் என்னை வாயடைக்க வைத்தது அதுவல்ல. சுவர்களின் அடியில் மண்ணைத் தோண்டி, அஸ்திவாரத்திலிருந்து சுவரை அறுத்து, இடையில் இரும்புச் சட்டங்களைச் செருகி, அவற்றின் கீழே வரிசையாக ஜாக்கிகளை வைத்திருந்தார்கள். குனிந்து பார்த்தால் வீட்டுக்கும் பூமிக்கும் நடுவே அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரிந்தது. என் தங்கை அந்த வீட்டுக்குள் நின்று தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

வேலையின் மேஸ்திரி அமீது பாய், பழைய வண்ணாரப்பேட்டைக்காரர். ஒல்லியான மனிதர், ஐம்பது வயதிருக்கும். அவர் முகம் வாடியிருந்தது. ஆட்களில் ஏழு பேர் பீகார்க்காரர்கள். சட் பூஜைக்கு ஊருக்குப் போனவர்கள் சொன்ன நாளில் திரும்பவில்லை. பன்னிரண்டு பேர் தேவைப்படும் வேலைக்கு இப்போது ஐந்து பேர்தான். அடுத்த வாரம் மழை என்று செய்தியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"காத்திருக்க முடியாதுங்களா?" என்றேன்.

"பள்ளத்துல தண்ணி பூந்துச்சுன்னா மண்ணு இளகிடும்மா. ஒரு ஜாக்கி எறங்கினா போதும், செவுரு போயிடும். வூடு இப்ப நம்ப கையில கீது. மழை வர்றதுக்குள்ள ஏத்தி, செங்கல் கட்டிட்டா தப்பிச்சோம்."

தோசைத் தட்டோடு செல்வியிடம் பேச்சை ஆரம்பித்தேன். "இதெல்லாம் எதுக்கு கண்ணு? வித்துப்போட்டு வந்துரு. என்ற மில்லு மேல ரூம்பு காலியாத்தான் கெடக்குது."

"தண்ணி பூர்ற வூட்ட எவன் வாங்குவான்? அத்த வுடு. இங்க நான் செத்தா அழுறதுக்கு ஒரு தெருவே கீது. அங்க நீ ஒருத்திதான்" என்று சொல்லிவிட்டு அடுத்த தோசையைத் திருப்பிப் போட்டாள். நான் செம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தேன். சட்னி காரமாக இருந்ததாகக் காட்டிக்கொண்டேன்.

பகல் பதினொன்றரை. நான்கு ஜாக்கிகளில் திருகு மரை தேய்ந்திருந்தது. ராயபுரத்தில் வாடகைக்குக் கொடுக்கும் இடத்திலிருந்து வேறு நான்கு வாங்கி வர வேண்டும். செல்வியின் கணவர் தாமு கிளம்பினார், நானும் ஏறிக்கொண்டேன். வாகனம் ஒரு மீன்பாடி வண்டி. பின்னால் பலகைத் தட்டு வைத்து மோட்டார் மாட்டிய மூன்று சக்கர வண்டி அது. பக்கத்து வீட்டு அஞ்சலை காசிமேட்டிலிருந்து மீன் எடுத்து வந்து தெருத்தெருவாக விற்பது அதில்தான். ஒன்பது கிலோமீட்டரும் வலப்பக்கம் கன்டெய்னர் லாரி, இடப்பக்கம் கடல்.

தாமுவும் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவர்தான். ஜமுக்காளக் கட்டு ஏற்ற பவானிக்கு வந்த லாரியில் கிளீனராக வந்து, திரும்பும்போது என் தங்கையையும் ஏற்றிக்கொண்டு போனவர். அந்தக் கோபத்தில் இருபத்தாறு வருடமாக நான் அவரிடம் "வாங்க", "சாப்பிடுங்க" தவிர மூன்றாவது வார்த்தை பேசியதில்லை.

ராயபுரம் கடற்கரை ஓரத்தில் ஒரு விசைப்படகிலிருந்து எஞ்சினைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். மூன்று கம்பங்களைக் கூம்பாகக் கட்டி, உச்சியில் செயின் பிளாக் தொங்கியது. பல்சக்கரமும் சங்கிலியும் கோத்த கப்பி. என் மில்லின் கிரைண்டரைவிட மூன்று மடங்கு பெரிய எஞ்சின் அது. அதைத் தூக்கியவர் ஒரே ஒருவர், அதுவும் வெற்றிலை மென்றுகொண்டே. அவர் கை ஓயாமல் சங்கிலியை இழுத்துக்கொண்டே இருந்தது, எஞ்சினோ அசைகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் படகுக்கு மேலே நின்றது.

"எப்படிங்க மாப்பிள்ளை இது?" என்று என்னையறியாமல் கேட்டுவிட்டேன். அதுதான் அந்த மூன்றாவது வார்த்தை.

தாமு திடுக்கிட்டுத் திரும்பினார். "அவுரு இங்க பத்தடி சங்கிலி இஸ்தா, அங்க ரெண்டு விரக்கடைதான் ஏறும்கா. தூரத்தக் குடுத்துட்டு பாரத்த வாங்குறாரு. பொறுமை இருந்தா யானையகூட தூக்கலாம்."

ஜாக்கி ஒவ்வொன்றும் பதினைந்து கிலோ. கடைக்காரர் ஒரு பலகையை வண்டிக்குச் சாய்த்து வைத்தார். அதன்மேல் நானே இரண்டைத் தள்ளி ஏற்றினேன். திரும்பும் வழியில் ஆளுக்கு ஒரு டீ, பன்னிரண்டு ரூபாய். தாமு காசு கொடுக்க வந்தபோது நான் தடுக்கவில்லை. எங்கள் ஊர் வழக்கப்படி, உறவென்று ஒத்துக்கொண்டால்தான் டீக்குக் காசு கொடுக்க விடுவோம்.

செவ்வாய், காலை எட்டு. அமீது பாய் தெருவில் நின்று, "ஏழு பேரு வோணும். பலம் வாணாம், காது வோணும்" என்றார். முதலில் தாமு போனார். இஸ்திரி போடுகிறவர், ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர், கப்பலுக்குப் பெயின்ட் அடிக்கும் அண்ணன் தம்பி இருவர் வந்தார்கள். வியாபாரத்துக்குக் கிளம்பியிருந்த அஞ்சலை மீன் கூடையை நிழலில் வைத்து ஈரச் சாக்கால் மூடிவிட்டு, "ரெண்டு வூட்டுக்கும் நடுவுல ஒரு முழம்தான் கீது. செல்வி வூடு சாஞ்சா என் தலைமேலதான் சாயும்" என்று புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினாள். ஆறு பேர் ஆனது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஊர்க்காரம்மா சுத்துவாங்களா?" என்றார் பாய்.

"மாவு மில்லுக்காரிங்க நான்" என்று சொல்லிவிட்டு நானும் பள்ளத்தில் இறங்கினேன்.

நாற்பத்தெட்டு ஜாக்கி, ஆளுக்கு நான்கு. ஜாக்கியின் தலையில் துளை இருக்கிறது. அதில் ஒரு முழ நீள இரும்புக் கம்பியைச் செருகிச் சுற்ற வேண்டும். முழுச் சுற்று சுற்றினால் வீடு ஒரு சென்டிமீட்டர் ஏறும். ஆனால் முழுச் சுற்று யாரும் சுற்றக் கூடாது. பாய் "கால்!" என்று குரல் கொடுத்தால் கால் சுற்று. நான்கு ஜாக்கியையும் முடித்தவர் "ஆச்சு" என்று சொல்ல வேண்டும். பன்னிரண்டு "ஆச்சு" காதில் விழுந்த பிறகுதான் அடுத்த "கால்". வேறு பேச்சு கிடையாது. மொத்த வீடும் எழுபது டன் இருக்கும் என்றார் பாய்.

முதல் "கால்" கேட்டு நான் கம்பியை இழுத்தபோது, கை என்னவோ அடிபம்பை அழுத்தும் அளவுக்குத்தான் சிரமப்பட்டது. என்னால் நம்ப முடியவில்லை. ஒரு மிளகாய் மூட்டையைப் புரட்ட ஆள் தேடுகிறவள் நான். இங்கே ஒன்றரை டன் சுவர் என் கைக்குக் கட்டுப்பட்டு மயிரிழை மயிரிழையாக ஏறியது. இடைவேளையில் பாயிடம் கேட்டேன். அவர் ஜாக்கியின் மரையை விரலால் தடவிக் காட்டினார்.

"மலைக்கு நேரா ஏறினா மூச்சு வாங்கும்ல? ரோட்ட சுத்திச் சுத்திப் போட்டா பஸ்ஸே ஏறிடுது. இதுவும் அதான், இரும்புல போட்ட மலைரோடு."

எனக்குத் திம்பம் மலைப்பாதை ஞாபகம் வந்தது. இருபத்தேழு கொண்டை ஊசி வளைவிலும் மூட்டை ஏற்றிய லாரிகள் முனகிக்கொண்டே மேலே போய்ச் சேருவதை எத்தனை தடவை பார்த்திருக்கிறேன். பாய் சொன்னது பளிச்சென்று புரிந்தது. படிப்பு எட்டாம் வகுப்பு என்றாலும் புத்தி இன்னும் துருப்பிடிக்கவில்லை.

இருபது "கால்" ஆனதும் பாய் மட்டம் பார்ப்பார். உள்ளே தெரியும் நீளமான பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, பளிச்சென்று தெரிவதற்காக ஒரு சிட்டிகை மஞ்சள் கலந்து, நான்கு மூலையிலும் பிடித்துப் பார்க்க வேண்டும். எல்லா மூலையிலும் தண்ணீர் கோட்டுக்கு நேராக நின்றால் வீடு சரியாக ஏறுகிறது என்று அர்த்தம். ஜாக்கி உச்சிக்குப் போனதும் செங்கல் அடுக்கி முட்டுக்கொடுத்து, ஜாக்கியை மேலே மாற்றி வைத்து மறுபடி தொடங்குவார்கள். செவ்வாய் மாலைக்குள் நூற்று அறுபது "கால்". பதினாறு அங்குலம். உள்ளங்கையில் இரண்டு கொப்புளம். செல்வி தேங்காய் எண்ணெய் தடவிவிட்டாள்.

புதன், காலை பதினொன்று. அன்றைக்கு அறுபது "கால்" முடித்திருந்தோம், மட்டமும் சரியாக இருந்தது. சுற்றும்போது வீட்டுக்குள் யாரும் இருக்கக் கூடாது என்பது பாயின் கண்டிப்பு. ஆனால் பன்னிரண்டு பேருக்கு டீ போட வேண்டுமே என்று செல்வி பள்ளத்தில் ஏணி வைத்து ஏறி, சமையலறைக்குள் போயிருந்தாள். நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. கடல்காற்றில் சமையலறைக் கதவு படாரென்று சாத்திக்கொண்டது. அப்புறம் இன்னும் பதினெட்டு "கால்" சுற்றியிருப்போம். மேலே "டப்" என்று ஒரு சத்தம். காய்ந்த விறகு முறிகிற சத்தம்.

"நிறுத்து! எவனும் கை வெக்காதே!" என்று பாய் அலறினார்.

அதன் பிறகுதான் செல்வியின் குரல் ஜன்னல் வழியாக வந்தது. "பாய், கதவு தொறக்கல. செவுத்துல கோடு ஓடுது."

நான் பள்ளத்திலிருந்து ஏறி, வாசல் வழியாக உள்ளே பார்த்தேன். கதவு நிலையின் மேல்மூலையிலிருந்து கூரையை நோக்கி விரிசல் சாய்வாக ஏறியிருந்தது. நான்கு சுவரும் விரிசல் விட்டால் நல்லது என்று நினைத்தவள் நான்தான். அந்த நினைப்பு சுவரில் கோடாக ஓடுவதைப் பார்த்தபோது, என் வாயிலேயே அடித்துக்கொள்ளத் தோன்றியது.

பாய் குழாயைக் கொண்டு ஓடினார். மூன்று மூலையும் சரி. சமையலறை மூலை மட்டும் அரை அங்குலம் உயரத்தில். அந்த மூலையின் நான்கு ஜாக்கியும் அஞ்சலையுடையவை.

"எத்தினி சுத்தின?"

"நீ சொன்ன காலுதான் பாய்." அஞ்சலை கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தாள். "கடசியா மட்டம் பாக்குற வரிக்கும் நீ பக்கத்துலயே நின்ன, கம்முனு சுத்தினேன். நீ அந்தாண்ட போனப்புறம் ஒவ்வொரு காலு முடிச்சிட்டும்... கொஞ்சூண்டு."

"கொஞ்சூண்டுன்னா?"

"கொசுறு பாய். நூறு மீனு எண்ணிக் குடுத்தாலும் மேல ஒண்ணு போடாம எனக்கு கை வராது. நம்ப செல்வி வூடாச்சே, எண்ணினதோட நிறுத்த மனசு கேக்கல."

யாரும் சிரிக்கவில்லை. பாய் குழாயைச் சுருட்டிக் கீழே வைத்தார். தாமு கடப்பாரையை எடுத்துக்கொண்டு ஏணிக்கு ஓடினார். பாய் அவர் இடுப்பைச் சுற்றிப் பிடித்துவிட்டார்.

"கதவ ஒடைக்காதே! இப்ப அந்தக் கதவுதான் செவுத்தத் தாங்கிகினு கீது."

"அப்ப அந்த மூலைய எறக்கு பாய்!"

"எறக்கினா வெடிச்ச எடம் இன்னும் வாய் தொறக்கும். வாணாம். அஞ்சலை கொடுத்த கொசுற அல்லாரும் கொடுங்க. மீதி நாப்பத்து நாலும் மேல வரட்டும். அஞ்சு கால். மெதுவா."

அஞ்சலை கம்பியைக் கீழே வைத்துவிட்டு ஜன்னலுக்கு அடியில் ஒரு கூடையைக் கவிழ்த்து ஏறி நின்றாள். கம்பிக்குள் கையை விட்டு செல்வியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் அழுவது எனக்குக் கேட்டது. "வுடுக்கா, டீ ஆறிப்போவுது, அதான் பேஜாரு" என்று உள்ளே இருப்பவள் வெளியே இருப்பவளுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"கால்!"

என் வாழ்க்கையில் அவ்வளவு கவனமாக எதையும் செய்ததில்லை. கம்பியை மூச்சுப் பிடித்து இழுத்தேன். ஒரு நூல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. "ஆச்சு." எனக்கு அடுத்த ஜாக்கிகள் தாமுவுடையவை. அவர் கம்பியை அவசரமாகத் துளையில் செருகினார். "மெதுவாங்க மாப்பிள்ளை, அவளுக்கு ஒண்ணும் ஆகாது" என்றேன். பேசக் கூடாது என்ற விதி அப்போது நினைவிலேயே இல்லை. அந்த ஐந்து "கால்" முடியப் பத்து நிமிடம்தான் ஆகியிருக்கும். ஆனால் ஒவ்வொரு முறையும் அந்தப் பன்னிரண்டாவது "ஆச்சு" வரும்வரை, அதுவும் அஞ்சலைக்குப் பதிலாக பாயே சொன்ன "ஆச்சு" வரும்வரை, எனக்கு நெஞ்சுக்குள் மில் ஓடியது.

ஐந்தாவது "கால்" முடிந்தது. மேலே கிறீச்சென்று ஒரு சத்தம். யாரும் தொடாமலே சமையலறைக் கதவு நான்கு விரல் திறந்துகொண்டது.

செல்வி டீப் பாத்திரத்தோடு வாசலில் வந்து நின்றாள். தாமு ஏணியில் பாதி ஏறி, பாத்திரத்தை வாங்கினாரா அவளை வாங்கினாரா என்று தெரியாத மாதிரி இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். நான் பள்ளத்திலேயே உட்கார்ந்து அழுதேன். அமீது பாய் என் பக்கத்தில் குந்தி, நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "விரிசல் மேலாகத்தான் கீதும்மா, பூச்சுலேயே போயிடும்" என்றார். நான் அவர் கையைப் பிடித்து நன்றி சொன்னேன். கையெல்லாம் கிரீஸ்.

அஞ்சலை கூடையைத் தூக்கிக்கொண்டு ஓசைப்படாமல் கிளம்பப் பார்த்தாள். பாய் விடவில்லை. "நீ போனா அந்த நாலு ஜாக்கிய யாரு சுத்துறது? வா. கொசுற மட்டும் மீனோட நிறுத்திக்க." அப்போதுதான் எல்லோரும் சிரித்தோம். சிரித்துச் சிரித்து இஸ்திரிக்காரருக்குப் புரையேறிவிட்டது. ஆறிப்போன அந்த டீயைவிட ருசியான டீயை நான் குடித்ததில்லை.

வியாழன் மாலை நான்கரைக்குக் கடைசி "கால்". வீடு தன் பழைய தரையிலிருந்து நான்கு அடி மேலே, தெருவிலிருந்து இரண்டு அடி மேலே நின்றது. படி இன்னும் கட்டவில்லை. செங்கல் சுவர் எழுப்ப ஒரு வாரம் ஆகும். ஏணியில் ஏறி உள்ளே போய்த் தரையில் படுத்துப் பார்த்தேன். நாங்கள் பன்னிரண்டு பேர் சுற்றி ஏற்றிய தரை. முதுகுக்கு ஜில்லென்று இருந்தது.

வெள்ளி காலை கிளம்பினேன். பவானி அறையைப் பற்றி நான் மறுபடி பேசவில்லை. செல்வி மேலே வாசலில் நின்றாள். அவளை அண்ணாந்து பார்த்துத்தான் விடைபெற வேண்டியிருந்தது. அஞ்சலை வஞ்சிரக் கருவாடு ஒரு பொட்டலம் கொடுத்தாள். அரைக் கிலோ என்றாள், தூக்கிப் பார்த்தால் முக்கால் இருக்கும். தாமு விம்கோ நகர் வரை வந்து டிக்கெட் எடுத்துக் கொடுத்தார். "மாப்பிள்ளை, அவளை நல்லாத்தான் வெச்சிருக்கீங்க" என்றேன். இருபத்தாறு வருடத்துக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை. அவர் என் பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டார்.

மூன்று வாரம் கழித்து சென்னையில் பெருமழை. டிவியில் எண்ணூர், திருவொற்றியூர் என்று காட்டிக்கொண்டே இருந்தார்கள். பவானியிலும் தூறல்தான். மில்லை மூடிவிட்டேன். என் வீட்டுக்குள் ஒருநாளும் தண்ணீர் வந்ததில்லை. கீழே நான் ஒருத்தி, மேலே வெள்ளையடித்த காலி அறை. நான்காவது முறை அழைத்த பிறகுதான் செல்வி போனை எடுத்தாள்.

"ரோட்டுல முட்டிக்கால் தண்ணிக்கா."

"வீட்டுக்குள்ள?"

"வாசலுக்கு ஒரு ஜாண் கீழ நிக்குது. உள்ள பொட்டுத் தண்ணி கெடயாது."

அவளுக்குப் பின்னால் ஒரே இரைச்சல். பாத்திரம் உருளும் சத்தம், யாரோ பாடும் சத்தம், குழந்தை அழுகை. "அங்க யாருடி அத்தனை பேரு?" என்றேன்.

"அவங்க வூட்டுக்குள்ளல்லாம் தண்ணி பூந்துச்சுல்ல. அஞ்சலக்கா, அது வூட்டுக்காரரு, இஸ்திரி அண்ணன் வூட்டுல நாலு பேரு, பெயின்டு அண்ணனும் தம்பியும், ஆட்டோக்காரரு. எங்களோட சேத்து பதினோரு பேரு. அஞ்சலக்கா சோறு வடிச்சுகினு கீது. பன்னெண்டு பேரு சுத்தின வூடு, ஒரு ஆளு கொறையுதேன்னு இப்பத்தான் சொல்லிச்சு."

போனைக் காதில் வைத்துக்கொண்டு என் வீட்டுக் கூடத்தைப் பார்த்தேன். துடைத்து வைத்த மாதிரி சுத்தமாக இருந்தது.

"எனக்கு எடம் இருக்குதாடி?" என்றேன்.

"குந்த எடம் கீதுக்கா" என்றாள் என் தங்கை. "தண்ணி வடிஞ்சதும் வா."